கைவீசி டீச்சர்

நாலாம் வகுப்பு டீச்சருக்குச் சக ஆசிரியர்கள் வைத்த பட்டப்பெயர் கைவீசி. சாயங்காலம் மணி அடித்ததும் மற்றவர்களெல்லாம் திருத்த வேண்டிய நோட்டுகளை ஆளுக்கொரு பையில் அடைத்துக்கொண்டு, தோள் ஒரு பக்கம் சாயப் படி இறங்குவார்கள். இவர் மட்டும் சின்னக் கைப்பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் வீசியபடி இறங்குவார். "எப்படி டீச்சர், நாப்பத்தெட்டு நோட்டையும் மூணு மணிக்குள்ள திருத்திடறீங்க?" என்று யாராவது கேட்டால், "எல்லாம் பழக்கம்தான்" என்பார். பழக்கம்தான், பொய்யில்லை. யாருடைய பழக்கம் என்பதை மட்டும் வாய் திறந்து சொல்ல மாட்டார்.

இது நடந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பேருந்துப் பணிமனைக்கும் ஏழு மாடிக் குடியிருப்புகளுக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் பள்ளிக்கூடம் அது. அந்தக் குடியிருப்புகளில் லிஃப்ட் என்று ஒன்று இருந்தது. அது ஓடி யாரும் பார்த்ததில்லை. மூன்று கட்டடங்களின் படிகளைத் துடைக்கும் பெண்மணி ஒருத்தியின் மகள் டீச்சரின் வகுப்பில் இருந்தாள். ஒன்பது வயது. டீச்சர் கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் விடையைப் போட்டு முடித்துவிடுவாள். முடித்துவிட்டால் சும்மா இருப்பாளா? முன்னால் இருப்பவனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுப்பாள், பக்கத்தில் இருப்பவளுக்கு விடை சொல்லிக்கொடுப்பாள், ஜன்னல் வழியாகப் பேருந்துகளை எண்ணுவாள். டீச்சருக்குத் தலைவலியாகப் போயிற்று.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஒரு நோட்டையும் சிவப்புப் பேனாவையும் அவள் கையில் திணித்து, "இந்தா, இதைத் திருத்து பாக்கலாம்" என்றார். மூச்சு விடுகிற நேரத்தில் திருத்திக்கொண்டு வந்து நின்றாள். அடுத்த நாள் பத்து நோட்டு. அந்த மாசம் முடிவதற்குள் நாற்பத்தெட்டும் அவள் மேஜைக்குப் போய்விட்டன. வெறும் டிக் அடிக்கிற வேலையாகவும் அவள் அதைச் செய்யவில்லை. கணக்கு எந்த வரியில் தப்பத் தொடங்கியதோ அந்த வரிக்குப் பக்கத்தில், "இங்கதான் கடன் வாங்க மறந்துட்ட" என்று குட்டி எழுத்தில் எழுதி வைப்பாள். பிள்ளைகள் அவளைச் சின்ன டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பெரிய டீச்சர் கீழே கையெழுத்து மட்டும் போட்டார்.

மேற்பார்வைக்கு வந்த அதிகாரி அந்த நோட்டுகளைப் புரட்டிப் பார்த்து அசந்துபோனார். இவ்வளவு அக்கறையாகத் திருத்துகிறவரை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லி, 'உடனுக்குடன் திருத்தும் ஆசிரியர்' என்று ஒரு சான்றிதழ் வேறு கொடுத்துவிட்டுப் போனார். டீச்சரின் கணவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வந்தவர் போனவரெல்லாம் அதைப் படித்தார்கள். டீச்சர் மட்டும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் சமையலறைக்குப் போகப் பழகிக்கொண்டார்.

சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அது நியாயமில்லை. டீச்சருக்கும் ஒரு மகன் இருந்தான், பதினொரு வயது, கணக்கு என்றாலே வயிற்றுவலி வரும் ரகம். ஆறு மணிக்கு அவனைப் பிடித்து உட்கார வைத்தால் ஒன்பது மணி வரைக்கும் மல்லுக்கட்ட வேண்டும். நோட்டு மூட்டையும் வீட்டுக்கு வந்தால் அவனை யார் பார்ப்பது? ஊரார் பிள்ளைக்கு உழைத்துவிட்டுத் தன் பிள்ளையைக் கோட்டை விட எந்தத் தாய்க்கு மனசு வரும்? அந்த மூன்று மணி நேரத்தை எடுத்துத் தன் மகனுக்குக் கொடுத்தார் டீச்சர். எடுத்தது யாரிடமிருந்து என்று அப்போது யோசிக்கவில்லை.

யோசிக்க வைக்கப் பார்த்தாள் அந்தப் பெண். ஒரு நாள் பாதி அடுக்கில் பேனாவை மூடி வைத்துவிட்டு வந்து, "டீச்சர், இந்த வகுத்தலுக்கு அப்புறம் என்ன கணக்கு வரும்?" என்று கேட்டாள்.

"முதல்ல இந்த நோட்டை முடி" என்றார் டீச்சர்.

அவள் போய் முடித்தாள். தனக்கு எப்போதோ வந்துவிட்ட வகுத்தலையே ஒரு நாளைக்கு நாற்பத்தெட்டு தடவை பார்த்துக்கொண்டு அந்த வருஷத்தை ஓட்டினாள்.

வருஷக் கடைசியில் அந்தப் படிவம் வந்தது. நகரத்தின் மறுகோடியில் சிறப்புத் திறன் வகுப்பு என்று ஒன்று நடத்தினார்கள். வசதியில்லாத பகுதிப் பள்ளிகளிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, ஐந்தாம் வகுப்பிலிருந்து பள்ளிப்படிப்பு முடியும் வரை அங்கேயே வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். நல்ல ஆசிரியர்கள், சோதனைக்கூடம், நூலகம், பேருந்துச் சீட்டுகூட அவர்களே கொடுப்பார்கள். பள்ளிக்கு ஒரு பிள்ளை. வகுப்பாசிரியர் பத்துக் கேள்விக்கு ஆம், இல்லை என்று குறித்துப் பெயரை எழுதி அனுப்ப வேண்டும்.

டீச்சர் பத்துக்கும் ஆம் என்று குறித்தார். படிதுடைப்பவள் மகளின் பெயரைத்தான் எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தால், எதிரில் அவள் திருத்தி அடுக்கிய நோட்டுகள். அடுத்த வருஷம் ஐந்தாம் வகுப்புக்கும் இதே பிள்ளைகளோடு இவரேதான் போகவேண்டும். அடுத்த வருஷம்தான் மகனுக்கும் பெரிய பள்ளிக்கான நுழைவுத் தேர்வு. இவள் போய்விட்டால்? 'அடுத்த தடவை அனுப்பலாம்' என்று மனசுக்குச் சமாதானம் சொன்னார். அடுத்த தடவைக்கு வயது தாண்டிவிடும் என்பது படிவத்தின் முதல் வரியிலேயே அச்சடித்திருந்தது. ஸ்கேலை எடுத்து வைத்து, அந்தப் பெயரின் மேல் கோணாமல் இரண்டு கோடு போட்டார். கீழே முத்து முத்தாக எழுதும் ஒரு பையனின் பெயரை எழுதினார்.

"அந்தச் சின்ன டீச்சரைப் போடுவீங்கன்னு நெனச்சேனே" என்றார் தலைமையாசிரியர்.

"அவங்க வீடு மாத்தப் போறாங்களாம் சார்" என்றார் டீச்சர். அவர்கள் எந்த வீட்டுக்கும் மாறவில்லை.

கையெழுத்து அழகான அந்தப் பையன் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்காமல் அழுதுகொண்டு திரும்பி வந்தான். அந்த இடம் யாருக்கும் இல்லாமல் வீணாகப் போயிற்று. டீச்சரின் மகன் நுழைவுத் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறி, இப்போது வேறொரு ஊரில் ஏதோ ஒரு நிறுவனத்தில் ஏதோ ஒரு வேலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் செய்வான். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

படிதுடைப்பவளின் மகள் பதினாறு வயதில் படிப்பை நிறுத்தினாள். அம்மா ஈரப் படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள் என்றும், மகள் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சலவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்றும் ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். டீச்சர் வாயில் வைத்த தேநீரை அப்படியே கீழே வைத்தார். அன்றிலிருந்து அந்தச் சலவைக் கடை வழியாக அவர் போனதே இல்லை. மூன்று தெரு சுற்றிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போவார். "சுத்திச் சுத்தி நடக்கிறதுல அப்படி என்ன சுகம் கண்ட?" என்று கணவர் கேலி செய்தால், "டாக்டர் நடக்கச் சொன்னாரு" என்பார். எந்த டாக்டரும் சொல்லவில்லை.

அவளுக்குப் பிறகு எந்தப் பிள்ளை கையிலும் அவர் நோட்டைக் கொடுக்கவில்லை. இரண்டு தோளிலும் பை தொங்க, மூச்சு வாங்கப் படி இறங்கினார். பெயர் மட்டும் கைவீசி என்றே நின்றுவிட்டது. புதிதாக வந்த ஆசிரியர்கள், இவ்வளவு மூட்டை தூக்குகிறவருக்கு ஏன் இந்தப் பெயர் என்று புரியாமல் விழித்தார்கள்.

சுற்றி நடந்தவரைத் தேடிக்கொண்டு அதுவே வந்து சேர்ந்தது. ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போது, நாலாம் வகுப்பின் முதல் நாள், ஒரு பெண்மணி தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"என்னை ஞாபகம் இருக்கா டீச்சர்? உங்க நோட்டெல்லாம் திருத்துவனே, அந்தப் பொண்ணு."

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். தலையை மட்டும் ஆட்டினார்.

"இவ எம் பொண்ணு. வீட்டுல வாலுன்னுதான் கூப்பிடுவோம், ஒரு இடத்துல இருக்க மாட்டா. ஆனா கணக்குல என்னை மாதிரி. இவகிட்டயும் அந்தச் சிவப்புப் பேனாவைக் குடுங்க டீச்சர். என் வாழ்க்கையில எனக்குக் கெடச்ச பெரிய மரியாதை அதுதான்" என்றாள் அவள், முகமெல்லாம் சிரிப்பாக.

ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட டீச்சர் தாங்கியிருப்பார்.

வாலு அம்மாவையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும் போலிருந்தது. ஒரு நாள் வந்து, "டீச்சர், ஒன்பதால வகுத்தா மீதி என்னன்னு பாக்க வகுக்கவே வேணாம். அந்த நம்பர்ல இருக்கிறதையெல்லாம் ஒண்ணொண்ணா கூட்டிக்கிட்டே போனா போதும். ஆனா ஏழுக்கு அப்படி வரமாட்டேங்குது. ஏன்?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியலடா கண்ணு" என்றார் டீச்சர். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இல்லை. இதற்குப் பதில் தெரிந்தவர்கள் இருக்கும் இடம் ஒன்று உண்டு என்பதும், அங்கே இவளை அனுப்பும் படிவம் வருஷக் கடைசியில் வரும் என்பதும்தான் நினைவில் நின்றன. சிவப்புப் பேனாவை மட்டும் அவள் பக்கம் நகர்த்தவே இல்லை. அதில் அம்மாவுக்கு வருத்தம் என்று வாலு வழியாகவே தெரிய வந்தது. "நான் அவ்ளோ கெட்டி இல்லையான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க" என்றாள்.

படிவம் வந்தது. இப்போதைய தலைமையாசிரியை, வெள்ளிக்கிழமை மாலைக்குள் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். டீச்சர் வாலுவின் பெயரை எழுதி, பெற்றோர் கையெழுத்துக்காக வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். புதன்கிழமை அது கையெழுத்தில்லாமலே திரும்பி வந்தது. "அம்மா வேணாம்னுட்டாங்க டீச்சர். இந்தப் பள்ளிக்கூடத்துலயே படிச்சா போதுமாம்" என்றாள் வாலு. சொல்லும்போது அவள் முகத்தில் வால்தனம் ஏதும் இல்லை.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் டீச்சர், காலையிலேயே எடுத்து வந்திருந்த ஏழு துணிகளை ஒரு பையில் வைத்துக்கொண்டு, பதினைந்து வருஷமாகப் போகாத அந்தத் தெருவில் நுழைந்தார். வெறுங்கையோடு போக அவருக்குத் தைரியம் வரவில்லை.

சலவைக் கடையில் நாலு இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. வட்டக் கண்ணாடிக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து, உள்ளே துணி எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள் வாலு. அம்மா ஒரு வாடிக்கையாளரின் துணியை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு என்று பதினொன்று வரைக்கும் எண்ணினாள். பிறகு எல்லாவற்றையும் மறுபக்கம் புரட்டிப் போட்டு முதலிலிருந்து எண்ணினாள்.

"இந்தக் கடைக்கு வந்தா ஒரு நாள் லீவு போட்டுட்டுதான் வரணும்" என்றார் வாடிக்கையாளர். "பதினொரு துணிக்கு இருபத்திரண்டு எண்ணுவாங்க."

"தப்பு வந்துடக் கூடாதுல்ல சார்" என்று சிரித்தாள் அவள். பதினைந்து வருஷத்தில் அந்தக் கடையில் ஒரு கைக்குட்டை காணாமல் போனதில்லை.

அவர் போனதும், டீச்சரைப் பார்த்து ஓடி வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வாலுவை மாடிக்கு, வீட்டுக்கு அனுப்பினாள். எதற்கு வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ரெண்டு பஸ் மாறணும் டீச்சர். சின்னப் பொண்ணு."

"பள்ளிக்கூடத்து வண்டி இருக்கும்மா. நான் விசாரிச்சுட்டேன். உங்க கட்டடத்து வாசலுக்கே வரும்."

"அதுக்கில்ல டீச்சர்." அவள் மேஜையின் ஓரத்தைத் துணியால் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த இடம்தான். "அந்த மாதிரி எடத்துல ஒரு தப்பு பண்ணாப் போச்சு. பேரை அடிச்சுருவாங்க. எம் பொண்ணு அதத் தாங்க மாட்டா. நான் பட்டவ, எனக்குத் தெரியும்."

"என்ன பட்ட?"

"எம் பேரை எழுதிட்டு அடிச்சீங்கல்ல."

டீச்சர் நிமிர்ந்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ஃபாரத்தை ஹெச்.எம். ரூமுக்குக் கொண்டு போனதே நான்தான டீச்சர். நீங்கதான குடுத்தனுப்புனீங்க. மாடிப்படியில நின்னு பாத்தேன். எம் பேரு, மேல ரெண்டு கோடு." கோபமே இல்லாமல், பழைய வானிலையைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள். "உங்க மேல தப்பு இல்ல. அந்த வாரம் நான் ஒரு நோட்டுல தப்பு விட்டேன். மீதி மூணு வரணும், அவன் நாலுன்னு போட்டிருந்தான், நான் டிக் அடிச்சுட்டேன். நீங்க எல்லாருக்கும் காட்டி, 'பாருங்க, சின்ன டீச்சருக்கே தப்பு வருது'ன்னு சிரிச்சீங்க. அப்புறம்தான் எம் பேரை அடிச்சீங்க. சரியாத்தான் செஞ்சீங்க டீச்சர். கவனம் இல்லாதவளை எப்படி அனுப்ப முடியும்? அதுக்கப்புறம் எதையும் ரெண்டு தரம் பாக்காம விட்டதில்ல நான்."

இயந்திரம் ஒன்று சுற்றி முடித்து நின்றது. இந்த இடத்தில் டீச்சர் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'நீதான் தப்பு செய்தாய், உன் மகள் செய்ய மாட்டாள், கையெழுத்துப் போடு' என்று நைச்சியமாகப் பேசிக் காரியத்தை முடித்துக்கொண்டு, மரியாதையோடு ஓய்வு பெற்றுப் போயிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது அது. மென்று விழுங்கினார்.

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா" என்றார். "நீ போயிட்டா என் நோட்டை யாரு திருத்துவான்னுதான் அடிச்சேன். எம் புள்ளையோட உக்கார எனக்கு நேரம் வேணும்னு அடிச்சேன். நீ வீடு மாறிப் போறேன்னு ஹெச்.எம். கிட்ட பொய் சொன்னேன். அந்தப் பேனா மரியாதை இல்லம்மா. உன்னை வெச்சு என் வேலையை வாங்கிக்கிட்டேன், அவ்வளவுதான். மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்ல."

அவள் துடைத்துக்கொண்டிருந்த துணியை மேஜை மேல் வைத்தாள். புரியாதவளைப் போல இருந்தது முகம்.

"அப்ப அந்தத் தப்பு? மீதி நாலுன்னு போட்டது?"

"எனக்கு அது ஞாபகமே இல்லம்மா."

"ஞாபகமே இல்லையா?"

டீச்சர் இல்லை என்று தலையசைத்தார். பெயரை அடித்ததைச் சொன்னபோதுகூட நிமிர்ந்து நின்றவள், இதைக் கேட்டதும் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வரும் என்று டீச்சர் எதிர்பார்த்தார். வரவில்லை. வந்திருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஃபாரத்தைக் குடுங்க" என்றாள்.

கல்லாப் பக்கம் கிடந்த நீலப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். மகளின் பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தாள். படிவத்தை மடித்து நீட்டும்போது, "எம் பொண்ணு நாளைலேருந்து யாரு நோட்டையும் தொட வேணாம்" என்றாள்.

"நான் அவகிட்ட குடுக்கலம்மா. ஒரு நாளும் குடுக்கல."

அவள் பேனாவை மூடிக் கல்லாப் பக்கம் வைத்தாள். டீச்சர் எழுந்தார். பையிலிருந்த துணிகளை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாமா என்று தயங்கினார். அவளே கையை நீட்டிப் பையை வாங்கி மேஜை மேல் கவிழ்த்தாள். சட்டை, தலையணை உறை, படுக்கை விரிப்பு என்று ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினாள். ஏழு வந்தது. அவள் மறுபடியும் புரட்டிப் போடுவாள் என்று டீச்சர் காத்திருந்தார்.

அவள் புரட்டவில்லை. ஏழு என்று சீட்டில் எழுதி, துணியை அள்ளிக் கூடையில் போட்டாள்.

"சனிக்கிழமை ரெடியாயிடும் டீச்சர்" என்றாள். "யாரையாவது அனுப்பி வாங்கிக்குங்க. நீங்க வர வேணாம்."